ஹீரோவின் முகத்தோடு வரும் வில்லன்: குழந்தையோடு எதை முதலில் பார்ப்பது?

சூப்பர் ஹீரோ தொடர் பார்க்கும் எந்தக் குழந்தையும் ஏதோ ஒரு நாள் இதைக் கேட்டுவிடும்: இவ்வளவு பலசாலியை யார்தான் தோற்கடிக்க முடியும்? கதை எழுதுகிறவர்களிடம் இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. அவனையே கொண்டுவந்து அவன் எதிரில் நிறுத்திவிடுவார்கள். அதே முகம், அதே சக்தி, உடையில் மட்டும் நிறம் மாறியிருக்கும், சிரிப்பு கோணலாக இருக்கும். கெட்ட பென், கெட்ட ரேஞ்சர், கெட்ட பேட்மேன் என்று குழந்தைகள் இவர்களுக்குப் பெயர் வைத்து, விளையாட்டிலும் இவர்களாகவே மாறிவிடுகிறார்கள். நல்லவனாக நடிக்க இரண்டு பேர் முன்வந்தால் கெட்டவனாக நடிக்க ஐந்து பேர் வருவார்கள்.

இந்த மாதிரி எபிசோடுகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன, எல்லாம் ஒரே கதைதானே, எதையாவது போட்டுவிடலாம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். அப்படிப் போடக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஒன்று ஆறு வயதுக் குழந்தையைக் கைதட்டிச் சிரிக்க வைக்கும், இன்னொன்று அதே குழந்தையை இரவில் விளக்கை அணைக்க விடாது, மூன்றாவது ஒன்று பத்து வயதில் பார்த்தால் பல வருடம் மனதில் நிற்கும், ஆறு வயதில் பார்த்தால் ஒன்றுமே புரியாது.

சண்டை எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வதுதான் வழக்கம். எனக்கு அது போதாது. நான் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறேன். முதலாவது, எவன் அசல் எவன் போலி என்பது பார்க்கிற குழந்தைக்குத் தெரிகிறதா. இரண்டாவது, எல்லாம் முடிந்த பிறகு அந்தப் போலி என்ன ஆகிறான். இரண்டாவதுதான் முக்கியம். சாதாரண வில்லனைச் சிறையில் போட்டால் குழந்தைக்குக் கணக்கு முடிந்துவிடும். தன் ஹீரோவின் முகமே உள்ள ஒருவன் வெடித்துச் சிதறினால் அப்படி முடிவதில்லை, "அப்புறம் அவன் எங்கே போனான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வைத்திருக்கும் கதையைத்தான் நான் முதலில் தேர்ந்தெடுப்பேன்.

எல்லாவற்றிலும் எளிமையானது வேஷம் போட்டு வரும் போலி. 1966இல் வந்த ஜப்பானிய அல்ட்ராமேன் தொடரின் 18ஆவது எபிசோடில் ஸராப் என்ற வேற்றுக்கிரகவாசி பூமிக்கு நண்பன்போல வந்து, அல்ட்ராமேன் உருவம் எடுத்து நகரத்தை உடைக்கிறான். ஊர் மக்களுக்கு வித்தியாசம் தெரியாது, பார்க்கிற குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும்: கண்கள் சாய்ந்திருக்கும், உடம்பிலுள்ள பட்டைகளின் ஓரத்தில் கறுப்புக் கோடு ஓடும், காலணி முனை கூராக இருக்கும். காமென் ரைடர் தொடரிலும் இதே உத்திதான், கெல்ஷாக்கர் என்ற வில்லன் அமைப்பு அனுப்பும் போலி ரைடர்களுக்கு மஞ்சள் கையுறையும் மஞ்சள் காலணியும் கொடுத்திருப்பார்கள். பெரியவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம், இவ்வளவு வெளிப்படையான வித்தியாசம் எப்படி யார் கண்ணிலும் படவில்லை என்று. ஆனால் ஐந்து வயதுக்கு இது மிகச் சரியான ஏற்பாடு. திரையில் உள்ள எல்லோரையும்விடத் தனக்கு அதிகம் தெரியும் என்ற நினைப்பில் குழந்தை பயத்தைத் தாண்டிவிடுகிறது, "அது அவன் இல்ல, காலைப் பாருங்க" என்று கத்துகிறது. கடைசியில் வேஷம் கலைந்து ஸராப் தன் சொந்த உருவத்துக்கே வந்துவிடுகிறான். ஹீரோவின் முகம் சாகவில்லை, வேஷம்தான் கலைந்தது. முதல் தடவைக்கு இதைவிட நல்ல தேர்வு எனக்குத் தெரியவில்லை, பழைய தொடரின் ரப்பர் உடைகளைக் குழந்தை பொறுத்துக்கொள்ளும் என்றால்.

இதே வகையில் கொஞ்சம் கனமானது, போலி செய்த குற்றத்துக்கு அசல் ஹீரோ மாட்டிக்கொள்ளும் கதை. பென் 10 முதல் தொடரில் கெவின், பென்னின் ஏலியன் உருவங்களை எடுத்துக்கொண்டு ஊரில் அட்டகாசம் செய்ய, பென் எடுக்கும் உருவங்களான ஹீட்பிளாஸ்டும் ஃபோர் ஆர்ம்ஸும் குற்றவாளிகள் என்று அதிகாரிகள் துரத்த ஆரம்பிக்கிறார்கள். இதில் ரத்தம் இல்லை, கோரம் இல்லை, பயங்கரமான உருவம்கூட அதிகம் இல்லை. ஆனாலும் சில குழந்தைகள் இதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுவதைக் கவனித்திருக்கிறேன். காரணம் சண்டையில் இல்லை. "நான் செய்யவில்லை" என்று சொல்லியும் யாரும் நம்பாத நிலைமை, குழந்தைகளின் அன்றாட வாழ்க்கையிலேயே இருக்கிற பெரிய பயம். தம்பி கொட்டியதற்கு அக்கா திட்டு வாங்குவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சமீபத்தில் அப்படிப் பொய்ப் பழி வாங்கிய குழந்தைக்கு இந்த எபிசோடு இரண்டு விதமாகவும் வேலை செய்யும்: சிலருக்குப் பெரிய ஆறுதல், சிலருக்குப் புண்ணைக் கிளறின மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்த வகை, ஆய்வுக்கூடத்தில் தயாராகும் நகல். இங்கேதான் கடை விரிந்து கிடக்கிறது, இங்கேதான் தேர்வும் கடினம்.

பவர்பஃப் கேர்ள்ஸ் தொடரில் 1999இல் வந்த ரவுடிரஃப் பாய்ஸை எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை, மசாலா, நல்லது எல்லாம் கலந்து மூன்று பெண்கள் உருவானார்கள் என்றால், அவர்களின் எதிரி மோஜோ ஜோஜோ சிறைக்குள் உட்கார்ந்து அக்குள் முடி, நத்தை, நாய்க்குட்டியின் வால் என்று சேர்த்துக் கழிப்பறைத் தண்ணீரில் மூன்று பையன்களை உருவாக்குகிறான். பிரிக், பூமர், புட்ச். மூன்று பெண்களையும் நார்நாராகக் கிழித்துப் போடுகிறார்கள், அந்தச் சண்டை இன்று பார்த்தாலும் அந்தத் தொடரின் கடுமையான சண்டைகளில் ஒன்று. கடைசியில் பெண்கள் முத்தம் கொடுக்கிறார்கள், பையன்கள் வெடித்துச் சிதறுகிறார்கள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் இடம் இது, எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் என் இரண்டாவது அளவுகோலில் இந்த எபிசோடு தேறவில்லை. பிறந்த அன்றே அடிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட மூன்று பையன்கள், வேறு எதுவும் கற்றுக்கொள்ள ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் காணாமல் போகிறார்கள், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்புறம் 2003இல் ஹிம் என்ற இன்னொரு வில்லன் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்தபோது முத்தம் பலிக்காமல் போய், அவமானப்படுத்தினால் சுருங்குவார்கள் என்று மாற்றினார்கள். அதுவும் வேடிக்கைதான், அதைத் தாண்டி எங்கும் போகவில்லை. சும்மா ஒரு மாலை நேரச் சிரிப்புக்கு இது போதும்.

இதே தொடரில் இதைவிட ஆழமான ஒரு நகல் இருக்கிறது, அதை அதிகம் பேர் பேசுவதில்லை. வேலைப்பளு தாங்காமல் பெண்கள் தாங்களே நான்காவதாக ஒரு தங்கையை, கையில் கிடைத்த மாற்றுப் பொருள்களைப் போட்டு, உருவாக்குகிறார்கள். பன்னி என்ற அந்தப் பெண் கோணல்மாணலாகப் பிறக்கிறாள், நல்லது செய்ய ஆசைப்பட்டு எல்லாவற்றையும் தப்பாகச் செய்கிறாள், திட்டு வாங்குகிறாள், கடைசியில் அக்காக்களைக் காப்பாற்றிவிட்டு உடம்பு தாங்காமல் வெடித்துப் போகிறாள். கெட்டவள் என்று அவளைச் சொல்லவே முடியாது. பத்து நிமிடக் கார்ட்டூன் என்று நினைத்துப் போட்டால் குழந்தை அழுதுவிடும், அதனால் தெரிந்துகொண்டு போடுங்கள். ஆனால் கெட்ட நகல் பற்றிப் பேச்சு எடுக்க இதைவிட நல்ல வாசல் கிடையாது, ஏனென்றால் "அவள் என்ன தப்பு செய்தாள்?" என்று குழந்தையே கேட்கும், நாம் பதில் சொல்லத் திணறுவோம்.

பவர் ரேஞ்சர்ஸ் பக்கம் வந்தால் சைக்கோ ரேஞ்சர்ஸ். 1998இல் வந்த பவர் ரேஞ்சர்ஸ் இன் ஸ்பேஸ் தொடரில் அஸ்ட்ரோனிமா என்ற வில்லி உருவாக்கிய ஐந்து பேர். ஜப்பானில் மெகாரேஞ்சர் தொடருக்கு எடுத்த காட்சிகளிலிருந்து வந்தவர்கள் இவர்கள், உடைகளின் அமைப்பில் அந்தக் கை தெரியும். இவர்களை நான் மதிப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஐந்து பேரும் தன் தன் நிறத்து ரேஞ்சரைத் தானே கொல்ல வேண்டும் என்ற வெறியில் இருக்கிறார்கள், அந்த வெறியே அவர்களுக்கு ஓட்டை. ரேஞ்சர்கள் எல்லோரும் நீல உடையில் வந்து நின்றதும் எதிராளி யாரென்று தெரியாமல் குழம்பிப் போகிறார்கள். சக்தி சமம் என்றால் கூட்டு வேலை செய்கிறவன் ஜெயிப்பான் என்பதை ஒருவரும் வாயைத் திறந்து போதிக்காமல் காட்டிவிடுகிறார்கள். ஏழு எட்டு வயதுக்கு இது அருமையான தேர்வு. ஒரே ஒரு எச்சரிக்கை, 1999இல் அடுத்த தொடரான லாஸ்ட் கேலக்ஸியில் இவர்கள் திரும்பி வரும் இடத்தில் சைக்கோ பிங்க்கைத் தடுக்கப் போய் பிங்க் ரேஞ்சர் கெண்ட்ரிக்ஸ் உயிரைக் கொடுக்கிறாள். தொடரின் கடைசியில் அவள் திரும்பி வருகிறாள் என்றாலும், நடுவில் பார்க்கிற குழந்தைக்கு அது தெரியாது. சைக்கோக்கள் பிடித்துப்போய் அடுத்த தொடருக்கும் குழந்தை தாவும் என்றால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பென் 10 ஏலியன் ஃபோர்ஸில் 2008இல் வரும் ஆல்பிடோ வேறு ஜாதி. பென்னை ஏலியன்களாக மாற்றும் கைக்கருவியான ஆம்னிட்ரிக்ஸைச் செய்த அஸ்மத்தின் பழைய உதவியாளன், மூளைக்காரன், தனக்கென்று ஒரு ஆம்னிட்ரிக்ஸ் செய்துகொள்கிறான், அது பென்னின் ஆம்னிட்ரிக்ஸோடு இணைந்து அவன் உடம்பைப் பென்னாகவே மாற்றிவிடுகிறது. பென்னின் முகம் அவனுக்கு ஆயுதம் கிடையாது, அதுதான் அவனுக்குச் சிறை. மனித உடம்பின் பசியும் அரிப்பும் அவனுக்கு அருவருப்பாக இருக்கிறது, பென் விரும்பிச் சாப்பிடுவதையே தானும் சாப்பிடத் துடிப்பது அவமானமாக இருக்கிறது. முடி வெளுத்து, ஜாக்கெட் சிவந்து போவது அந்த எபிசோடின் கடைசியில்தான், அதுவரை இருவரையும் பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் கவனம் வேண்டும். எட்டு ஒன்பது வயதில், உடம்பு மாறத் தொடங்கி தன் உருவத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும் குழந்தைகளுக்கு ஆல்பிடோ மேல் ஒரு விசித்திரமான பரிவு வருகிறது. அவன் கேட்பது நியாயம், கேட்கும் விதம் அநியாயம். இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் பார்க்கப் பழகுவது ஒரு குழந்தைக்குப் பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

பிறகு பிஸாரோ. 1997இல் சூப்பர்மேன் அனிமேஷன் தொடரில் அவனுடைய எதிரி லெக்ஸ் லூதர் உருவாக்கும் குளோன், தன்னையே சூப்பர்மேன் என்று முழுமனதாக நம்புகிறான், முகமும் அறிவும் மெல்லச் சிதைந்துகொண்டே போகின்றன, உதவப் போன இடமெல்லாம் நாசமாகிறது. பலத்தில் சூப்பர்மேனுக்குச் சமமான ஒருவனுக்கு நல்ல எண்ணம் மட்டும் இருந்து விவரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஐந்து நிமிடத்தில் குழந்தை புரிந்துகொள்கிறது. அந்த எபிசோடு மட்டும் என்றால் நான் இதைப் பட்டியலில் நடுவில்தான் வைத்திருப்பேன். பின்னால் அவன் திரும்பி வரும் கதைதான் இதை மேலே தூக்குகிறது. மறுபடியும் எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டு நிற்கும் அவனைச் சூப்பர்மேன் அழிக்கவில்லை, அடைத்து வைக்கவும் இல்லை. யாரும் இல்லாத ஒரு கிரகத்துக்குக் கூட்டிப் போய், இது உன் உலகம், இதை நீ பார்த்துக்கொள் என்று கொடுத்துவிடுகிறான். அவனும் சந்தோஷமாக அதற்குத் தன் பெயரை வைத்துக்கொள்கிறான், துணைக்கு ஒரு பிராணியும் கிடைக்கிறது. "அப்புறம் அவன் எங்கே போனான்?" என்ற கேள்விக்கு நான் பார்த்த கார்ட்டூன்களிலேயே மிகக் கனிவான பதில் இது.

மனத்தை வசியம் செய்து ஹீரோவையே கெட்டவனாக்கும் வகை தனி. இங்கே நகல் கிடையாது, இருப்பது ஒரே ஆள்தான், அதனால் அடிக்கும்போது கை கூசும். 1993இல் மைட்டி மார்ஃபின் பவர் ரேஞ்சர்ஸில் ஐந்து பகுதிகளாக வந்த பச்சை ரேஞ்சர் கதையை இன்றும் பலர் நினைவு வைத்திருப்பது சும்மா இல்லை. பள்ளிக்குப் புதிதாக வரும் டாமியை ரீட்டா என்ற சூனியக்காரி பிடித்துத் தன் வசம் ஆக்கிக்கொள்கிறாள். அவன் தனியாளாக ஐந்து ரேஞ்சர்களையும் புரட்டி எடுக்கிறான். அவன் யாரென்று தெரியாமலேயே அவனோடு பள்ளியில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் மற்றவர்கள், குறிப்பாகக் கிம்பர்லி. கடைசியில் சிவப்பு ரேஞ்சர் ஜேசன் அவனுடைய வாளை உடைத்து வசியத்தை முறிக்கிறான், உடைத்த கையோடு அவனிடம் எங்களோடு வா என்கிறான். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் ஒன்று. நேற்றுவரை அடித்தவனை இன்று அணியில் சேர்ப்பது அவ்வளவு சுலபமா என்று குழந்தைகள் கேட்பார்கள். கேட்கட்டும், அது நல்ல கேள்வி.

டாமிக்கே இன்னொரு நகல் கதையும் உண்டு. இரண்டாவது சீசனில் அவன் வெள்ளை ரேஞ்சராகிவிட்ட பிறகு, அவனுடைய முடியை வைத்து மந்திரவாதி ஒருவன் பழைய பச்சை ரேஞ்சராக ஒரு குளோனை உருவாக்குகிறான். கடைசியில் அந்தக் குளோன் மனம் மாறி, கடந்த காலத்திலேயே தங்கித் தனக்கென்று ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுக்கிறான். முதல் கதையைப் பார்த்த குழந்தைக்கு இதைத் தொடர்ந்து காட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும்.

மிராக்யுலஸ் தொடரின் மூன்றாவது சீசனில் வரும் கேட் ப்ளாங்க் இதே வகைதான், ஆனால் எடை பல மடங்கு. ஒரு பரிசுப் பொருளில், லேடிபக்காக மாறும் மரினெட் தன் பெயரை எழுதிவைக்கிறாள், அதிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ந்து, அவளுடைய ஜோடி ஹீரோ கேட் நுவார் வில்லனின் பிடியில் விழுந்து வெள்ளை உடைக்காரனாக மாறி, தன் சக்தியால் உலகத்தையே முடித்துவிடுகிறான். லேடிபக் எதிர்காலத்துக்குப் போய்ப் பார்க்கும்போது பாரிஸ் நீரில் மூழ்கிக் கிடக்கிறது, நிலா உடைந்து கிடக்கிறது, அவன் மட்டும் தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறான். சண்டைக் காட்சிகளைவிட அந்தத் தனிமைதான் குழந்தைகளைத் தொந்தரவு செய்கிறது. கடைசியில் நடந்தது எல்லாம் நடக்காததாகிவிடுகிறது, அவனுக்கு ஒன்றும் நினைவில்லை, அவள் மட்டும் சுமக்கிறாள். மிக நல்ல எபிசோடு. எட்டு வயதுக்கு முன் வேண்டாம், அதற்கு முந்தைய எபிசோடுகளைப் பார்க்காதவர்களுக்கும் வேண்டாம், இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்பினார்கள் என்பது தெரியாமல் பார்த்தால் இது வெறும் வெள்ளை உடை வில்லன் கதையாகிவிடும்.

கண்ணாடி உலகத்திலிருந்து வரும் இரட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அதில் ஒன்று சுருக்கமாகச் சொல்லக் கூடியதாக இல்லை. லேசானது டார்க்விங் டக்கின் நெகாடக். 1991இல் தொடங்கிய அந்தத் தொடரில் மஞ்சளும் சிவப்புமாக உடுத்தி வரும் இவன், எல்லாம் தலைகீழான நெகாவெர்ஸிலிருந்து வருகிறான். அங்கே வில்லன்கள் நல்லவர்கள், டார்க்விங்கின் அடங்காத வளர்ப்பு மகள் கோஸலின் அங்கே அடக்க ஒடுக்கமான குழந்தை. சிரிக்கலாம், பயம் இல்லை, எந்த வயதுக்கும் போடலாம். 2023இல் வந்த மிராக்யுலஸ் சிறப்புப் படத்தில் ஷேடிபக், க்ளா நுவார் என்று கெட்ட ஜோடி ஒன்று வருகிறது. அந்த உலகத்தில் நம் வில்லன்தான் நல்லவன், கடைசியில் இருவருக்கும் திருந்த வழியும் கிடைக்கிறது. மிராக்யுலஸ் பார்க்கும் குழந்தைக்கு கேட் ப்ளாங்க்கைவிட இதை முதலில் காட்டலாம்.

சுருக்க முடியாதது ஜஸ்டிஸ் லீக் தொடரில் 2003இல் வந்த இரண்டு பகுதிக் கதை, வேறோர் உலகத்திலிருந்து அதே ஹீரோக்களின் இரட்டைகளான ஜஸ்டிஸ் லார்ட்ஸ் வருவது. அந்த உலகத்தில் லெக்ஸ் லூதர் ஜனாதிபதி ஆகிவிட்டான், ஃப்ளாஷ் இறந்துவிட்டான், சூப்பர்மேன் லூதரைக் கொன்றுவிட்டான். அங்கிருந்துதான் எல்லாம் சரிகிறது. இவர்கள் உலகத்தைத் திருடவோ உடைக்கவோ வரவில்லை, ஒழுங்குபடுத்த வருகிறார்கள். குற்றம் இல்லாத உலகம், பேச்சு இல்லாத உலகம். இரண்டு பேட்மேன்களும் சண்டை போட்டுக்கொண்டே வாதாடும் காட்சி ஒன்று வருகிறது. இனி எந்த எட்டு வயதுப் பையனும் துப்பாக்கிக்காரனால் அம்மா அப்பாவை இழக்காத உலகத்தை நாங்கள் செய்திருக்கிறோம் என்று மற்றவன் சொன்னதும், நம் பேட்மேன் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறான், நீ ஜெயித்துவிட்டாய் என்கிறான். பிறகு இருவரும் காரில் போகும்போது, சாப்பாட்டுக் கடையில் பில்லைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒருவரைப் போலீஸ் இழுத்துப் போவதைப் பார்க்கிறார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கும் என்று நம் பேட்மேன் சொல்லும் அந்த ஒரு வரியில் வாதம் முடிந்துவிடுகிறது.

ஆறு வயதுக் குழந்தைக்கு இது போரடிக்கும், உடையில் மட்டும் வித்தியாசம் உள்ள பெரியவர்கள் பேசிக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். பத்து பதினொன்றில் பார்த்தால் மற்ற கெட்ட இரட்டைகள் எல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரிய ஆரம்பித்துவிடும். அவர்கள் சொல்வதில் பாதி சரி என்பதுதான் இதன் பலம். முடிவிலும் சுத்தமான வெற்றி கிடையாது, அவர்களை வீழ்த்த லூதரின் உதவியை வாங்கி அவனுக்கு மன்னிப்பும் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நல்லவர்கள் ஏன் கெட்டவனோடு பேரம் பேசினார்கள் என்று குழந்தை கோபப்பட்டால், அந்த வயது வந்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் ஒரு வகை பாக்கி, எதிர்காலத்திலிருந்து வரும் தன் கெட்ட உருவம். டேனி ஃபேன்டம் தொடரில் 2005இல் வந்த நீளமான கதையில், பாதி மனிதன் பாதிப் பேயான பதினாலு வயது டேனி ஒரு தேர்வில் காப்பியடிக்க நினைக்கிறான், அந்தச் சின்னத் தப்பு சுழன்று சுழன்று குடும்பத்தையும் நண்பர்களையும் பலி வாங்குகிறது, துக்கம் தாங்காமல் தன் பேய்ப் பாதியைப் பிரித்து எடுக்கச் சொல்கிறான், அது அவனைப் போலவே பாதிப் பேயான எதிரி விளாடின் பேய்ப் பாதியோடு கலந்து ஊரையே அழிக்கும் ஒருவனாகிறது. அவன் டேனி வேஷத்தில் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறான், முதலில் சந்தேகப்படுவது அக்கா ஜாஸ். அக்கா தம்பி உள்ள வீட்டில் அந்தக் காட்சிகள் தனி உற்சாகம் தரும். எனக்கு இந்தக் கதையில் ஒரு மனக்குறை உண்டு. ஒரு காப்பிக்கும் உலக அழிவுக்கும் நேர்க்கோடு போடுவது, ஏற்கெனவே பரீட்சையை நினைத்துப் பயந்து சாகும் குழந்தையின் தலையில் இன்னும் ஒரு கல்லை வைப்பது. தன் சின்னத் தப்பால் பெரிய கேடு வந்துவிடும் என்று இரவில் கவலைப்படும் சுபாவம் உள்ள குழந்தைக்கு இதைக் காட்டாதீர்கள், எத்தனை வயதானாலும் சரி. மற்றவர்கள் ரசித்துப் பார்ப்பார்கள். அந்தக் கெட்டவன் அழிவதும் இல்லை, திருந்துவதும் இல்லை, காலத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்குக்குள் அடைபட்டுக் கிடக்கிறான், அதுவும் சிலரை நிம்மதியாகத் தூங்க விடாது.

பேட்மேன் அனிமேஷன் தொடரில் 1992இல் வந்த ரோபோ பேட்மேன் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தன்னைப் பேட்மேன் என்று நினைத்துக்கொண்டு விழிக்கும் ஓர் இயந்திரம், பேட்மேன் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரெட்டைத் தேடிப் போகிறது, தன் உடம்பில் கம்பிகளைப் பார்க்கிறது, என் உடம்பை யாரோ திருடிவிட்டார்கள் என்று கதறுகிறது. அசலைக் கொன்றுவிட்டதாக நினைத்ததும் அந்தக் குற்ற உணர்வு தாங்காமல் தன்னையே அழித்துக்கொள்கிறது. கொல்லாத பேட்மேனின் மனசாட்சி நகலுக்கும் வந்திருக்கிறது. கலையாகப் பார்த்தால் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இதுதான் உயர்ந்தது என்பேன். ஆனாலும் தன்னையே அழித்துக்கொள்ளும் முடிவு என்பதால் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நான் போட மாட்டேன், அந்த வயதிலும் தனியாகப் பார்க்க விட மாட்டேன்.

சரி, என் முடிவு. ஐந்து ஆறு வயதுக் குழந்தைக்கு வேஷம் கலையும் அல்ட்ராமேன் அல்லது நெகாடக். ஏழு எட்டில் பிஸாரோவின் இரண்டு எபிசோடுகளையும் அடுத்தடுத்து, நடுவில் வேறு எதையும் போடாமல். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். குழந்தைக்குக் கதையைவிட அதிரடி முக்கியம் என்றால் சைக்கோ ரேஞ்சர்ஸ். பென் 10 பைத்தியமாக இருந்தால் ஆல்பிடோவிலிருந்து தொடங்குங்கள், கெவின் பழி போடும் கதையைக் குழந்தையின் மனநிலை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் ஜஸ்டிஸ் லார்ட்ஸ். வெவ்வேறு வயதில் இரண்டு மூன்று குழந்தைகள் சேர்ந்து பார்க்கிறார்கள் என்றால், பச்சை ரேஞ்சர் கதைதான் எல்லோருக்கும் பொருந்தும், சின்னவர்களுக்குச் சண்டை, பெரியவர்களுக்கு நட்பும் துரோகமும்.

அதைப் போடுவதாக இருந்தால் ஐந்து பகுதிகளுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிவிட்டு ஆரம்பியுங்கள். ஆரம்பத்திலேயே டாமி ரேஞ்சர்களின் தலைமையகமான கமாண்ட் சென்டருக்குள் புகுந்து நாசம் செய்கிறான், அவர்களின் வழிகாட்டி ஸோர்டானோடு தொடர்பு அறுந்து போகிறது, ரேஞ்சர்களின் இயந்திர மிருகங்களும் விழுகின்றன. மூன்றாம் பகுதியில் நிறுத்திவிட்டு மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றால், அந்த வாரம் முழுக்கக் குழந்தைக்குக் கெட்டவன் ஜெயித்த உலகம்தான்.